சிவப்பு பெல்ட் மட்டும் வேண்டாம்

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். அலுவலகத் தோழி ஒருவர் ஜூலைக் கடைசியில் தொடங்கும் 'பென்சிக் போர்' என்ற இடைக்கால முகாமுக்கு ஒரு வார இறுதி வரச் சொல்கிறார். இடைக்கால உடை கட்டாயமாம். என்னிடம் இருப்பவை சேலையும் சுடிதாரும்தான். கட்டிக்கொண்டு போகலாமா? அரசர், அரசி, பிரபு என்று நிறையப் பேர் இருப்பார்களாம். அவர்களிடம் எப்படிப் பேசுவது? மண்டியிட வேண்டுமா?

பதில்:

சேலை கட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம். உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத வரை மண்டியிடவும் வேண்டியதில்லை. இடுப்பில் சிவப்பு பெல்ட் மட்டும் கட்டாதீர்கள். நான் கட்டினேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அது என் முதல் முகாம். இரண்டு இரவுகள் கண்விழித்துத் தைத்த நீல அங்கி. அதற்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பழைய கைப்பையின் வாரை வெட்டி ஒரு சிவப்புத் தோல் பெல்ட் செய்துகொண்டேன். நுழைவாயிலிலிருந்து சாப்பாட்டுக் கூடாரம் போவதற்குள் மூன்று பேர் நிறுத்தி, "தாங்கள் யாருடைய ஸ்குவையர்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார்கள். ஊரில் "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று சுற்றி வளைத்து விசாரிப்பார்களே, அது நினைவுக்கு வந்து எனக்குச் சுருக்கென்றது. நான்காவதாக வந்த ஒரு வயதான அம்மாள்தான் தனியே அழைத்துப் போய் விளக்கினார். சிவப்பு பெல்ட் என்றால் நைட் பட்டம் பெற்ற வீரர் ஒருவரிடம் சண்டை பழகும் சீடர், அதாவது ஸ்குவையர், என்று பொருள். சட்டம் கிடையாது, வழக்கம்தான். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து பழுப்பு நிறப் பின்னல் கயிறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் அங்கியில் தையல் இயந்திரத்தின் தடம் பளிச்சென்று தெரிந்தது, கழுத்துப் பகுதி எந்த நூற்றாண்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி முழுவதும் பெல்ட்டைப் பற்றித்தான். இந்தக் கூட்டத்தை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அங்கேதான்.

பென்சிக்கை நடத்துவது 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற அமைப்பு. எல்லாரும் எஸ்.சி.ஏ. என்பார்கள். 1966 மே 1ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில், இடைக்காலத்தின் மேல் பித்துக்கொண்ட மாணவர்கள் சிலர் நடத்திய விருந்தில் தொடங்கியது. ஃபென்சிங் முகமூடி போட்டுக்கொண்டு ஒட்டுப்பலகை வாள்களால் அடித்துக்கொண்டார்கள். பிறகு 20ஆம் நூற்றாண்டை எதிர்த்து டெலிகிராஃப் அவென்யூவில் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு பெர்க்லியில் எதை எதிர்த்தும் ஊர்வலம் போகலாம். அந்த நாளே இன்றும் அவர்களுடைய ஆண்டுக் கணக்கின் தொடக்கம். இப்போது உலகத்தை 20 'அரசுகளாக'ப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதி டிராகன்வால்ட், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் லோஹாக். நீங்கள் இருக்கும் பிட்ஸ்பர்க் ஈதல்மார்க் அரசில் வருகிறது. 1972இல் கிழக்கு அரசும் நடு அரசும் மோதிக்கொண்டதுதான் முதல் பென்சிக். பென்சில்வேனியாவையும் ரோமானியர்களின் பியூனிக் போர்களையும் ஒட்டவைத்த பெயர். போரில் தோற்றவர் பிட்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கேலி. உங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது இந்த முகாம் பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரத் தொலைவில், ஸ்லிப்பரி ராக் அருகே கூப்பர்ஸ் லேக் மைதானத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கிறது. பத்தாயிரம் பேர் வரை கூடாரம் அடித்துத் தங்குவார்கள். திருவிழாக் கூட்டம்தான், தேர் மட்டும் இல்லை.

உடை விதி ஒரே வரி: 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடைக்கான முயற்சி ஒன்று வேண்டும். இந்த வரியின் உயிர் 'முயற்சி' என்ற சொல்லில் இருக்கிறது. சரியான உடை வேண்டும் என்று அது கேட்கவில்லை. முயன்றிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். இத்தனை தளர்வாக வைத்துவிட்டு அதைக் கட்டாயமாகவும் வைத்திருப்பது ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் எளிது: இங்கே பார்வையாளர் என்று ஒருவர் கிடையாது. அமெரிக்காவில் பல ஊர்களில் நடக்கும் மறுமலர்ச்சிக் காலச் சந்தைகளுக்கு டிக்கெட் வாங்கி ஜீன்ஸோடு போய், வான்கோழிக் கால் தின்றுவிட்டு வரலாம். அங்கே நடிப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு. எஸ்.சி.ஏ. கூட்டத்தில் நுழைந்த கணமே நீங்களும் மற்றவருடைய காட்சியில் ஒரு பகுதி. நீங்கள் டி-ஷர்ட்டில் நின்றால் உங்களுக்குப் பின்னால் இருக்கும் கூடாரமும் கொடியும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

ஐரோப்பாவில் இதே பித்து வேறு முகம் காட்டும். 1066ஆம் ஆண்டுப் போரை ஹேஸ்டிங்ஸ் அருகே அக்டோபரில் நடித்துக் காட்டுகிறார்கள். போலந்தில் 1410ஆம் ஆண்டு குருன்வால்ட் போர் ஒவ்வொரு ஜூலையிலும் மறுபடி நடக்கிறது. அங்கே கயிற்றுக்கு அப்பால் மக்கள் நின்று பார்க்கிறார்கள். அதனால் பல குழுக்கள் கண்டிப்பானவை. வெளியே தெரியும் தையல் கைத்தையலாக இருக்க வேண்டும், செருப்பு உள்ளிருந்து தைத்துப் புரட்டிய தோலாக இருக்க வேண்டும், மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு கொக்கிக்குக்கூட அகழாய்வில் கிடைத்த ஆதாரம் கேட்கும் குழுக்கள் உண்டு. நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் ஒரு வார இறுதிக்காக அங்கே போகச் சொல்லமாட்டேன்.

உங்கள் உடைக்கு வருவோம். ஐரோப்பிய உடைதான் வேண்டும் என்றால் ஆங்கில 'டி' எழுத்து வடிவ அங்கியில் தொடங்குங்கள். இடைக்காலத் தையல்காரர் துணியை வளைத்து வெட்டி வீணாக்க மனம் வராதவர். தறியில் நெய்த ஒவ்வொரு முழமும் காசு. உடம்புக்குச் செவ்வகம், கைக்குச் செவ்வகம், அக்குளுக்குச் சின்னச் சதுரம், கீழே விரிவதற்கு நீள முக்கோணங்கள், அவ்வளவுதான். கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921இல் உறைந்த மண்ணைத் தோண்டியபோது, பிணங்களோடு புதைத்த கம்பளி அங்கிகள் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தன. 1936இல் சுவீடனின் சதுப்பு நிலத்தில் பொக்ஸ்டன் மனிதன் என்று இன்று அழைக்கப்படுபவர் தலைமூடி, அங்கி, மேலங்கியோடு கிடைத்தார். முகாமில் நீங்கள் பார்க்கப்போகும் அங்கிகளில் பாதிக்கு அளவு கொடுத்தவர்கள் இந்த இறந்தவர்கள்தான். உடம்பை ஒட்டி லினன், அதற்கு மேல் கம்பளி என்பது அடுக்கு. ஆகஸ்டுப் புழுக்கத்தில் கம்பளியை மறந்துவிட்டு லினனோ மெல்லிய பருத்தியோ போட்டுக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அதில் வரலாற்றுக்கு வேலை இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் அடுப்பும் தீப்பந்தமும் இருக்கும். பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நைலக்ஸ் சேலையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இடைக்கால ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள் வெறுந்தலையோடு வெளியே வருவது குறைவு. மணமான பெண்ணுக்கு முக்காடு, ஆணுக்குத் துணிக் குல்லாயோ தொப்பியோ இருக்கும். ஒரு சதுரத் துணியைத் தலையில் கட்டினால், சுமாரான அங்கிகூட அந்தக் காலத்து வாசனை பெற்றுவிடும். என் கணக்கில் ஆயிரம் ரூபாய்ச் சரிகையைவிடப் பத்து ரூபாய் முக்காடு அதிக வேலை செய்யும். உடையில் பை கிடையாது, இடுப்பில் சுருக்குப்பை தொங்கும். பாட்டி வெற்றிலை வைத்திருந்த அதே பைதான். செல்பேசியை அதற்குள் போட்டு மறந்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது என்று யாராவது உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள்.

எஸ்.சி.ஏ. தொடங்கியபோது மேற்கு ஐரோப்பாதான் மையம். இப்போது 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எந்த நாட்டு உடைக்கும் இடம் உண்டு. நீங்கள் வழக்கமாகக் கட்டும் சேலை 'முயற்சி' என்ற அளவில் கேள்வியின்றி உள்ளே போகும். துல்லியம் வேண்டுமா? உள்பாவாடையும் தைத்த ரவிக்கையும் சேர்ந்த இன்றைய கட்டு 19ஆம் நூற்றாண்டில் பரவியது. சோழர் காலத்துக்குச் சான்று தேடினால் தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றுச் சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஆனால் அந்த ஆடற்பெண்களின் மேலாடையை அப்படியே பின்பற்றி ஸ்லிப்பரி ராக்கில் நடமாடும் துணிச்சல் எனக்கில்லை. எனக்கு வாகாக அமைந்தது விஜயநகர காலம். ஆந்திரத்தில் லேபாட்சி வீரபத்திரர் கோயில் மேற்கூரையில் 16ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. கட்டமும் கோடும் பூவுமாக விதவிதச் சேலைகள், ரவிக்கைகள், நீண்ட அங்கியும் உயரக் குல்லாயும் அணிந்த ஆண்கள். அரசவையில் ஆண்கள் போட்ட அந்தக் கபாயி அங்கியும் குல்லாயியும் மேற்கே இஸ்லாமிய அரசவைகளிலிருந்து வந்த பாணி. திருமலையில் இரு தேவியரோடு நிற்கும் கிருஷ்ணதேவராயர் சிலையின் தலையிலும் அந்த உயரக் குல்லாயைப் பார்க்கலாம். உங்கள் கணவர் வந்தால் அவருக்கு அதுவே போதும். உங்களுக்குப் பாவாடை தேவைப்படாத கண்டாங்கிக் கட்டோ மடிசாரோ நல்லது. சேற்றில் நடக்கும்போது அருமை தெரியும்.

எதுவுமே தைக்க முடியவில்லை என்றாலும் கவலையில்லை. ஒவ்வொரு கிளையிலும் புதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், பெயர் ஷாட்டலேன். அவரிடம் இரவல் உடைப் பெட்டி இருக்கும். உங்கள் தோழியிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அளவுக்கு ஒன்று எடுத்து வைப்பார்கள். உடைக்கு அங்கே 'கார்ப்' என்று பெயர். வெளியுலக உடைக்கும் வெளியுலகத்துக்கும் 'மண்டேன்'. 'ட்ரோல்' எங்கே என்று யாராவது கேட்டால் பயப்படவேண்டாம், பாலத்தடி அரக்கனின் பெயரை நுழைவாயில் மேசைக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி அடையாளங்கள். அமைப்பு முழுவதற்கும் பொருந்தும் விதியாகவே காப்பாற்றப்படுபவை சில. வெள்ளை பெல்ட், வேறு அணியில்லாத தங்கச் சங்கிலி, குதிரையை விரட்டக் குதிகாலில் கட்டும் குதிமுள் மூன்றும் நைட்டுக்கு உரியவை. தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக ஓடும் வெள்ளைப் பட்டை, நைட்டுக்குச் சமமான 'மாஸ்டர் அட் ஆர்ம்ஸ்' அணிவது. லாரல் இலை வளையம் கலையில் தேர்ந்தவர்களுக்கு. தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பெலிக்கன் பறவை தொண்டில் சிறந்தவர்களுக்கு. நம் வேடந்தாங்கலுக்கு வரும் கூழைக்கடாவின் உறவுதான், இந்தக் கதையைக் கேட்டால் அதற்கே வியப்பாக இருக்கும். தலையில் அணியும் கிரீட வளையங்கள் பதவிக்கு ஏற்ப இருக்கும். இவை போக வழக்கத்தால் வந்தவை உண்டு. ஸ்குவையருக்குச் சிவப்பு பெல்ட், லாரலின் மாணவருக்குப் பச்சை, பெலிக்கனின் சீடருக்கு மஞ்சள். இவற்றைக் கட்டினால் யாரும் உங்களை வெளியேற்றமாட்டார்கள். நாள் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல நேரும்.

தமிழ்ப் பெண்கள் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை. நைட் அணிவது பெரிய வளையங்கள் கோத்து வெளியே தெரியத் தொங்கும் சங்கிலி. தாலி கோத்த மெல்லிய கொடியை யாரும் அதனோடு குழப்பிக்கொள்ளமாட்டார்கள். குழப்பம் வரக்கூடியது ஆண்களின் அங்கவஸ்திரத்தில். வெள்ளை அங்கவஸ்திரத்தை மடித்து மார்பின் குறுக்கே போட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மாஸ்டர் அட் ஆர்ம்ஸ் வருவதுபோலத் தெரியும். இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டால் பிரச்சினை இல்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. நிஜமான இடைக்காலத்தில் உடைச் சட்டம் பிறப்பைக் காவல் காத்தது. 1363இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஏர் உழுபவரும் மாடு மேய்ப்பவரும் முரட்டுக் கம்பளிக்கு மேல் எதையும் உடுத்தக்கூடாது என்றது. கைவினைஞர் பட்டும் வெள்ளியும் அணியக்கூடாது, அவர்களின் மனைவியர் பட்டு முக்காடு போடக்கூடாது. அந்தச் சட்டம் சீக்கிரமே கைவிடப்பட்டது. ஆனால் அதே வகைச் சட்டங்கள் மறுபடி மறுபடி வந்து, 1604இல்தான் ஒழிந்தன. நமக்கு இது தொலைதூரக் கதையும் இல்லை. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் தோள்சீலை அணிவதற்காக அரை நூற்றாண்டு அடிவாங்கினார்கள். 1859இல்தான் அரசு இறங்கி வந்தது, அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற கொக்கியோடு. எஸ்.சி.ஏ. இதைத் தலைகீழாக்கிவிட்டது. பட்டு, மென்மயிர், ஊதா எதையும் யாரும் உடுத்தலாம். வந்தவர் எல்லாரும் பிறப்பால் சிறு பிரபு என்றே கொள்ளப்படுவார்கள். தடுத்து வைத்திருப்பவை, மற்றவர்கள் பார்த்துக் கொடுத்த அடையாளங்கள் மட்டும்தான். பணக்காரர் பட்டு வாங்கலாம், வெள்ளை பெல்ட் வாங்க முடியாது.

ஆண்களுக்கு வாள், பெண்களுக்கு ஊசி என்ற பிரிவும் இல்லை. கவசம் போட்ட பெண்களையும் சட்டையில் பூவேலை செய்யும் தாடிக்காரர்களையும் நிறையப் பார்ப்பீர்கள். இருந்த இடைக்காலம் வேண்டாம், இருந்திருக்க வேண்டிய இடைக்காலமே போதும் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். இதில் கொஞ்சம் ஏமாற்று உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாரும் பிரபுவான நாட்டில் ஏர் உழுவது யார்? வரலாற்றை இப்படிப் படித்தால் பசியும் கொள்ளைநோயும் கண்ணில் படாது. அதைத் தெரிந்துகொண்டே விளையாடுகிறோம்.

பட்டங்கள் எப்படி வருகின்றன? அரசர் பதவி மட்டும் வாள்முனையில். வாள் என்பது பிரம்பு. நம் ஊர்க் கூடைகளுக்கும் வாத்தியார் கைக்கும் வந்த அதே பிரம்புதான், குறைந்தது ஒன்றேகால் அங்குலக் கனம். மேலே எஃகுத் தலைக்கவசம். போட்டியில் ஒவ்வொருவரும் ஒரு துணைவருக்காகச் சண்டையிட வேண்டும். முன்பு எதிர்பாலினத்தவராக இருக்க வேண்டும் என்றிருந்தது, இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. வென்றவரும் துணைவரும் முதலில் பட்டத்து வாரிசுகள், சில மாதங்களில் அரசரும் அரசியும். ஆட்சி பெரும்பாலான அரசுகளில் ஆறு மாதம். ஒருமுறை ஆண்டு இறங்கினால் கவுன்ட், இரண்டாம் முறை ஆண்டால் டியூக். அடிபட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நடுவர் இல்லை, அடி வாங்கியவரே. வலுவான அடி என்று தனக்குத் தோன்றினால் தானே விழ வேண்டும். காலில் பட்டால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். அத்தனை பேர் பார்க்க, தன் தோல்வியைத் தானே அறிவிக்கிறவரைப் பார்த்தால் வெள்ளை பெல்ட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது விளங்கும். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு சீக்கிரம் பரவும், வெள்ளை பெல்ட் மெல்லத்தான் வரும், வராமலும் போகும்.

மற்றப் பட்டங்களை அரசர் கொடுக்கிறார். மேல்நிலை வரிசைகளான நைட், லாரல், பெலிக்கன், 2015இல் சேர்ந்த மெல்வாள் வீரர்களுக்கான வரிசை முதலியவற்றில் ஏற்கெனவே இருப்பவர்களைக் கேட்டுத்தான் கொடுப்பார். தொடக்கப் பட்டம் 'அவார்ட் ஆஃப் ஆர்ம்ஸ்'. அதோடு லார்ட், லேடி என்ற அழைப்பும் கையால் எழுதி வண்ணம் தீட்டிய பட்டயமும் வரும். எனக்கு அது கிடைத்தது மூன்றாம் ஆண்டில், தையலுக்காக இல்லை. தொடர்ந்து மூன்று விருந்துகளில் பெரிய அண்டாக்களைத் தேய்த்தேன். அடுப்படிப் பொறுப்பாளர் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அழைப்பு முறை பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், நடைமுறையில் எளிது. அரசரையும் அரசியையும் 'யுவர் மெஜஸ்டி' என்று அழைக்கவேண்டும். டியூக்குக்கு 'யுவர் கிரேஸ்'. வெள்ளை பெல்ட்டைக் கண்டால் 'சர்'. மற்றவர் யாராக இருந்தாலும் 'மை லார்ட்', 'மை லேடி'. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் 'குட் ஜென்டில்' என்று சொல்லித் தப்பிக்கலாம். தவறினால் சிரித்துத் திருத்துவார்கள். வழியில் அரசர் எதிர்ப்பட்டால் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். கை கூப்பினாலும் சரிதான், நான் அப்படித்தான் செய்கிறேன். இதுவரை இரண்டு அரசிகள் பதிலுக்குக் கை கூப்பியிருக்கிறார்கள். காலியாக இருக்கும் அரியணையைக் கடக்கும்போதும் சிலர் வணங்குவதைப் பார்த்தால் வியக்காதீர்கள். கோயில் கொடிமரத்தைத் தாண்டும்போது நம் கை தானாகக் குவிவதில்லையா?

அவை கூடினால் கட்டியக்காரர் ஒவ்வொரு பெயராக உரக்கச் சொல்வார். ஹெரால்ட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் தயாராக இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி. பெயர் வந்தவர் முன்னே போய் அரியணைக்கு எதிரே இருக்கும் மெத்தையில் முழங்காலிடுவார். முழங்கால் வலிக்காரர்கள் நின்றுகொண்டே பெறலாம். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி இவற்றின் காலப் பொருத்தத்தைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் அவருக்குத்தான் அவமானம்.

பெயர் வைத்துக்கொள்ள அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று முகாம் பார்த்த பிறகு யோசியுங்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பெர்சோனா என்று பெயர். நான் 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துத் துணி வணிகர் ஒருவரின் மனைவி. போர்ச்சுகீசியரோடு வியாபாரம், அதனால் யாரிடமும் எதைப் பற்றியும் விசாரிக்கலாம், வசதியான பாத்திரம். வரலாற்றில் புகழ்பெற்றவரின் பெயரை எடுக்க முடியாது. ராஜராஜன் என்று பதிவுசெய்ய முடியாது. பட்டம்போல ஒலிக்கும் பெயரையும் பெயர்ப் பதிவுக் குழு தடுக்கும், ராஜா, ராணி என்ற பெயர்க்காரர்களுக்குச் சிக்கல் வரும். சோழர் காலத்துப் பெண் பெயர் வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறார். பெயருக்குச் சான்று கேட்கும் பதிவாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

விருந்துக்குத் தட்டு, கிண்ணம், குவளை, கரண்டி, மெழுகுவத்தி எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். எவர்சில்வர் பளபளப்பைவிடப் பித்தளை நன்றாகப் பொருந்தும், மண்பாண்டம் இன்னும் நன்று. ஏதாவது சமைத்து எடுத்துப்போக நினைத்தால் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றையும் விலக்குங்கள். எல்லாம் கொலம்பஸுக்குப் பிறகு கடல் கடந்து வந்தவை. மிளகு ரசத்தைத் தக்காளி இல்லாமல் புளியும் மிளகும் சீரகமுமாக வைத்து ஒரு பெரிய பானையில் கொண்டுபோனேன், மழை பெய்த இரவு. சண்டை முடித்து நனைந்து வந்தவர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள், ஒரு டியூக் இரண்டாம் குவளைக்கு மறுபடி வரிசையில் வந்து நின்றார்.

பகல் புழுங்கும், விடியற்காலை குளிரும். ஒரு கம்பளிச் சால்வையும், சேற்றுக்குத் தாங்கும் தோல் செருப்பும், தண்ணீர் பாட்டிலை மறைக்க ஒரு துணி உறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு வேளை தண்ணீர் சுமக்கவோ பாத்திரம் தேய்க்கவோ பெயர் கொடுங்கள். ஒரே மதியத்தில் இருபது பேரைத் தெரிந்துகொள்வீர்கள், உங்கள் சேலை எந்த நூற்றாண்டு என்று அவர்களில் ஒருவரும் கேட்கமாட்டார். எப்படிக் கட்டுவது என்றுதான் கேட்பார்கள். கூடுதலாக இரண்டு பருத்திச் சேலைகள் வைத்துக்கொள்ளுங்கள்.